இரண்டாம் பிரதி

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எனக்குக் கால் வலி. பல்கலைக்கழகம் மேட்டில் இருக்கிறது, நான் குடியிருக்கும் வீடு பள்ளத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஓடும் பேருந்து தன் இஷ்டத்துக்கு வருகிறது, தன் இஷ்டத்துக்குப் போகிறது. நான் சாலைகளின் வரலாறு படித்தவள். எந்தச் சாலையை யார் போட்டார்கள், அதில் யாரை நடக்கவிட்டார்கள், யாரை விடவில்லை என்று மணிக்கணக்காகப் பேசுவேன். பேசி என்ன பிரயோஜனம்? முதல் வாரம் முழுக்கத் தெருவின் தப்பான பக்கத்தில் நின்று எதிர்த்திசைப் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தேன். மாணவர்களிடம் இதைச் சொல்லவில்லை, மானம் போய்விடும்.

பேராசிரியை வேலை என்றால் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கிற வேலை என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். படிப்பதற்குத்தான் நேரமே இல்லை. கூட்டம், அந்தக் கூட்டத்தில் பேசியதைப் பற்றி இன்னொரு கூட்டம், விடைத்தாள், பாடத்திட்டக் குழு, வருகைப் பதிவு. நடுவில் வகுப்பும் உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், மூளையையும் அதோடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு வந்தது மாதிரி இருக்கும். ரொட்டியைச் சுட்டுத் தின்றுவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே என் அறைக் கதவில் என் பெயர் இருக்கிறது. பழைய ஊரில் பதினெட்டு வருஷம் தற்காலிக விரிவுரையாளராகவே காலத்தை ஓட்டினேன். என் கணவர் அதே பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். அதனால் அங்கே எனக்கு ஒரே பெயர்தான், 'சார் வீட்டம்மா'. காவலாளி முதல் துணைவேந்தர் வரை அப்படித்தான். நான் எழுதிய புத்தகம் வெளிவந்த அன்றுகூட, "சார் வீட்டம்மா ஏதோ புத்தகம் போட்டிருக்காங்களாம்" என்றுதான் பேசிக்கொண்டார்கள். இந்த ஊரில் நிரந்தர வேலை கிடைத்ததும் நான் யோசிக்கவே இல்லை, கிளம்பிவிட்டேன். "நீ முதல்ல போ, அப்புறம் பார்க்கலாம்" என்றார் அவர்.

இந்தப் 'பார்க்கலாம்' அவருடைய சொந்தச் சொத்து. அதில் சரியும் உண்டு, இல்லையும் உண்டு, கேட்கிறவர் பாடு.

இங்கே என் துறைத்தலைவிக்கு நான் மனதுக்குள் புயல் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் அறைக்குள் வந்தாலே மேஜைமேல் இருக்கும் காகிதமெல்லாம் பறக்கும். ஒருநாள் அப்படித்தான் வந்து நின்றார்.

"பொருளாதாரத்துல ஒரு இடம் காலியாகுது. உங்க வீட்டுக்காரர் அதுதானே?"

"ஆமா மேடம்."

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள அப்ளை பண்ணச் சொல்லுங்க. இவ்ளோ பொருத்தமா இன்னொரு இடம் எந்த ஜென்மத்துல வரும்? எத்தனை நாளைக்குத்தான் தனியா ரொட்டி தின்னுட்டு இருப்பீங்க?"

ரொட்டி விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று புரியவில்லை. அன்று சாயங்காலமே என் கணவருக்குப் போன் செய்து சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பாடத்திட்டம் என்ன, வாரத்துக்கு எத்தனை வகுப்பு என்றெல்லாம் விசாரித்தார். கடைசியில், "பார்க்கலாம்" என்றார். வகுப்புக்குத் தேவைப்படுகிற நாலைந்து புத்தகங்களின் பெயரைச் சொல்லி அனுப்பச் சொன்னேன். "அனுப்பிடறேன்" என்றார். அதில் மட்டும் பார்க்கலாம் இல்லை.

எங்கள் புத்தகங்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே சொன்னால் என் முட்டாள்தனம் யாருக்கும் புரியாது. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது, புத்தகங்கள்தான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவருடைய புத்தகப் பெட்டிகள் நான் பிடித்து வைத்திருந்த வாடகை வீட்டுக்கு வந்து இறங்கின. ஆள் அப்புறம்தான் வந்தார். அதன்பிறகு எத்தனை வீடு மாறினோமோ அத்தனை தடவையும் அதே கதைதான். முதலில் புத்தகங்கள் போகும், அவை அலமாரியில் ஏறிய பிறகு அவர் பின்னாலேயே போவார். புத்தகம் இல்லாத வீட்டில் அவருக்கு ஒரு ராத்திரி தூக்கம் வராது.

கல்யாணமான புதிதில் இரண்டு பேருடைய புத்தகங்களையும் கூடத்தில் பரப்பிப் போட்டுப் பார்த்தோம். பலதும் இரண்டு இரண்டாக இருந்தன. ஒரே புத்தகம் ஒரே வீட்டில் எதற்கு இரண்டு என்று நன்றாக இருந்ததை வைத்துக்கொண்டு, மற்றதை மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். அன்றைக்கு ஒரு சட்டமும் போட்டோம். இந்த வீட்டில் இரண்டாம் பிரதி வாங்கக்கூடாது. இடது ஓரம் எனக்கு, வலது ஓரம் அவருக்கு. பென்சிலால் மட்டும்தான் எழுத வேண்டும். அவர் ஒன்று எழுதுவார், நான் அதை வெட்டி எழுதுவேன், அவர் என்னை வெட்டுவார். சண்டை முற்றி ஓரத்தில் இடம் போதாமல் போனால், 'நேரில்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் கொண்டுபோய் வைப்போம். சோறு ஆறிப்போகும், சண்டை ஆறாது. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நேரம் எது என்று கேட்டால், யோசிக்காமல் அந்த மேஜையைத்தான் சொல்வேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால், அடுக்குமாடிக் கட்டட வாசலில் ஒரு வண்டி நிற்கிறது. நாலைந்து புத்தகம் கேட்டவளுக்குப் பதினாலு பெட்டி.

"என்னம்மா இது, கல்லா உள்ள?" என்றார் வண்டிக்காரர்.

"புத்தகங்க."

"லிப்ட்டு வேலை செய்யலையாம்மா. அப்போ கல்லுதான்" என்று சொல்லிவிட்டு முதல் பெட்டியைத் தோளில் ஏற்றினார்.

முதல் பெட்டியைக் கத்தியால் கீறித் திறந்தேன். மேலேயே எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான புத்தகங்கள். சுங்கச் சாலைகளைப் பற்றிய அந்தத் தடித்த புத்தகம் இருந்தது, முக்கால்வாசிப் பக்கங்களில் இரண்டு ஓரமும் பென்சிலால் கறுத்துப்போய். பார்த்த உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புத்தகங்கள் வந்துவிட்டன, அப்படியானால் ஆளும் வருகிறார். 'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் விண்ணப்பமும் போட்டிருக்கிறார். திடீரென்று நேரில் வந்து நின்று என்னை ஆச்சரியப்படுத்த நினைக்கிறார். கள்ளன்! தரையில் உட்கார்ந்து, கால் வலியெல்லாம் மறந்து, அசடு மாதிரி தனியாகச் சிரித்தேன்.

மறுநாள் புயலிடம் போய், "அவர் வர்றார் மேடம்" என்றேன். "அப்படிப் போடுங்க!" என்று அவர் மேஜையைத் தட்டியதில் பேனா உருண்டு கீழே விழுந்தது. உடனே பொருளாதாரத் துறைக்குப் போனைப் போட்டுவிட்டார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுக்கினேன். அலமாரியில் இடது பாதி எனக்கு, வலது பாதி அவருக்கு. ஜன்னல் ஓரத்து மேஜையை அவருக்கென்று துடைத்து வைத்தேன். வெளிச்சம் இடது கைப்பக்கமிருந்து வந்தால்தான் அவருக்குப் படிக்க வரும். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டே வந்தன. இடது பாதி நிரம்பிவிட்டது. பொதுவானவற்றை நடுத்தட்டில் வைத்தேன். வலது பாதியில் வைப்பதற்கு ஒன்றுகூட வரவில்லை. அவருடைய வரி வரலாறுகள் இல்லை, தானிய விலைப் புத்தகங்கள் இல்லை, படுக்கையில் வைத்துப் படிக்கும் அந்த அட்டை கிழிந்த புத்தகமும் இல்லை. அதெல்லாம் அடுத்த வண்டியில் வரும் என்று நினைத்துக்கொண்டேன். சான்று என்ன சொல்கிறதோ அதை மட்டும் சொல், உனக்கு வேண்டியதை அதன் வாயில் திணிக்காதே என்று வருஷா வருஷம் மாணவர்களைத் திட்டுகிறவள் நான்.

ஞாயிறு மத்தியானம் கடைசிப் பெட்டியையும் மடித்து வைத்துவிட்டுப் போன் செய்தேன்.

"எப்போ கிளம்பறீங்க?"

"எங்க?"

"எங்கயா? இங்கதான். புத்தகமெல்லாம் வந்து சேர்ந்துடுச்சு. உங்க மேஜையைக்கூடத் துடைச்சு வெச்சுட்டேன், ஜன்னல் பக்கம்."

 போனில் அவருக்குப் பின்னால் எங்கள் பழைய வீட்டுக் கூடத்து மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது. அதை இன்னும் சரிசெய்யவில்லை.

"அதெல்லாம் உன் புத்தகம்" என்றார்.

"பாதி ரெண்டு பேரோடதும்."

"தெரியும். நீ பாடம் எடுக்கணும், உனக்குத்தான் தேவைப்படும். அதனால அதையும் சேர்த்து வெச்சேன்."

"அப்போ உங்களுக்கு?"

"எனக்குத் தனியா வேற வாங்கிக்கிட்டேன்."

வேறு எந்த வீட்டிலும் இதைக் கேட்டு ஒரு பெண் நாற்காலியைத் தேடமாட்டாள். நான் தேடி உட்கார்ந்தேன்.

"எல்லாத்தையுமா?"

"கிட்டத்தட்ட. ஒண்ணு ரெண்டு இன்னும் கிடைக்கல."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. நல்ல பொறுப்பான மனிதர். எல்லாவற்றையும் ஒழுங்காகப் பிரித்து, ஓரம் மடங்காமல் அட்டை வைத்துக் கட்டி, நான் கேட்டதற்கு மேலேயே அனுப்பியிருக்கிறார். பாகப்பிரிவினையை இத்தனை நாகரிகமாக யாரும் செய்திருக்க முடியாது.

"அந்த வேலைக்கு?"

"போடல."

"ஏங்க?"

"அங்க வந்தா நான் யாரு, சொல்லு? வராந்தாவுல நடந்து போனா, 'இவரு மேடம் வீட்டுக்காரர்'ம்பாங்க. இந்த வயசுல என்னால அது முடியாதும்மா."

எனக்குச் சுரீரென்றது. "பதினெட்டு வருஷம் நான் அங்க யாரா இருந்தேன்?"

"அது எனக்குத் தெரியாதா? பக்கத்துலயே இருந்து பார்த்தவன்தானே" என்றார் மெதுவாக. "பார்த்ததனாலதான் சொல்றேன், என்னால முடியாது."

அவர் கவனிக்கவில்லை என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிற மனுஷன், இதெல்லாம் அவர் கண்ணில் எங்கே படப்போகிறது என்று நானே அவருக்காக வாதாடி, நானே மன்னித்தும் விட்டிருந்தேன். இப்போது பார்த்தால், எல்லாம் பட்டிருக்கிறது. பட்டும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறார். அவர் வராதது வலித்தது, ஆனால் இது அதைவிட வலித்தது. சொல்லியும்விட்டேன். "பார்த்துட்டே இருந்திருக்கீங்க. அதுதாங்க தாங்கல எனக்கு."

 விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"பிரிஞ்சுடலாம்கறீங்களா?" என்று கேட்டேன்.

"சேச்சே, அதெல்லாம் இல்ல. லீவுக்கு நான் வர்றேன், நீ வா. எத்தனை பேர் அப்படி இருக்காங்க."

"சரி" என்றேன். லீவுக்கு வந்து போகிறவருக்குப் பெயர் விருந்தாளி என்று வாய்வரை வந்தது. களைப்பாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் புயல் என் அறைக்குள் வீசியது. "என்னங்க இது, அவங்க துறையில கேட்டா அப்படி ஒரு விண்ணப்பமே வரலைங்கறாங்க! நான் வேற அவ்ளோ தூரம் சொல்லி வெச்சிருக்கேன்!"

"அவர் போடல மேடம். வரலையாம். நான்தான் தப்பா நினைச்சுட்டேன்."

"தப்பா நினைச்சீங்களா? எதை வெச்சு?"

"புத்தகத்தை வெச்சு."

அவர் என்னை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். கேட்க நினைத்ததை விழுங்கிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு டீ வரவழைத்தார். நிதானமாகக் குடித்து முடித்தார். எழுந்து போகும்போது, "நீங்க இருக்கீங்கதானே?" என்று மட்டும் கேட்டார்.

"நான் எங்க போறேன்? இருக்கேன்" என்றேன்.

சாயங்காலம் பேருந்து வரவில்லை. நடந்தே பள்ளத்துக்கு இறங்கி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் புத்தகங்களை அலமாரி முழுக்கப் பரப்பி வைத்தேன். இடது பாதிக்குச் சரியாக இருந்தவை முழு அலமாரிக்குப் போதவில்லை, அங்கங்கே சாய்ந்து விழுந்தன. நிமிர்த்தி வைக்கப் பொறுமை இல்லை. சாய்ந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மறுநாள் வகுப்புக்காகச் சுங்கச் சாலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்து மேஜையில் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

நாங்கள் இருவரும் இன்னும் எட்டாத ஒரு அத்தியாயம் பின்னால் இருந்தது. ஓரங்கள் வெள்ளையாக இருந்தன. சாலை வந்ததும் அந்த வட்டாரமே செழித்துவிட்டதாக ஆசிரியர் ஒரே போடாகப் போட்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. யாருக்குச் செழிப்பு, அந்தச் சாலையால் ஊரைவிட்டுப் போனவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள் என்று இடது ஓரத்தில் எழுத ஆரம்பித்தேன். அவர் இதற்கு என்ன சொல்வார் என்று தெரியும், அதற்கும் சேர்த்து எழுதினேன். எழுத எழுத வேகம் வந்தது. பக்கத்தின் அடிவரை வந்து இடம் போதாமல், கடைசி வரியில் 'நேரில்' என்று எழுதிவிட்டு, புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கொண்டுபோய் வைப்பதற்கு இந்த வீட்டில் சாப்பாட்டு மேஜை இல்லை.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு உட்கார்ந்து ரப்பரைத் தேடி எடுத்தேன். அழிக்கக் கை வரவில்லை. அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். காலையில் முதல் வகுப்பே எனக்குத்தான்.