பதினான்கு ஊருக்கு ஒரே விருந்தாளி

பிப்ரவரி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு, கிளெனிஸ் டஃபி என்ற நியூசிலாந்துக்காரி எங்கள் நியுவே தீவின் பதினான்கு ஊர்களிலும் ஒரே சமயத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்று மழை விட்டுவிட்டுப் பெய்தது. தாரோக் கிழங்கு அந்த வருடம் நன்றாக விளைந்திருந்தது. எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையோ மறைத்துவிட்டேன் என்று பிறகு யாரும் என்மேல் பழி போடக்கூடாது.

பிப்ரவரியில் எங்கள் தீவுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். திமிங்கலம் ஆகஸ்டில் வரும், அதைப் பார்க்கிற கூட்டமும் அப்போதுதான் வரும். புயல் மாதங்களில் விடுதிக்காரர்கள் மெத்தைகளைச் சுவரோடு சாய்த்துவைத்துவிட்டு, நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் போய்விடுவார்கள். விமானமும் வாரத்துக்கு ஒன்றுதான். அந்த ஒன்றை வேடிக்கை பார்க்கத் தீவே திரண்டு போய் வேலிக்குப் பின்னால் நிற்கும். அந்த வெள்ளிக்கிழமை விமானத்திலிருந்து எங்கள் ஆட்கள் பதினோரு பேர் இறங்கிய பிறகு, வெயிலுக்கு வாங்கிய தொப்பியால் மழையை மறைத்துக்கொண்டு கிளெனிஸ் இறங்கினாள். ஐம்பத்தொன்பது வயது, திமாரு நகரத்து நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை அடுக்கும் வேலை, வலது முழங்காலில் வலி. டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று கிளம்பி வந்துவிட்டாள். அடடா, வேலியோரம் அன்று எழுந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கவேண்டும்! நவம்பருக்குப் பிறகு நாங்கள் பார்த்த முதல் விருந்தாளி! பதினான்கு ஊர்க்காரர்களும் ஊருக்கொரு மாலையோடு பாய்ந்தார்கள். அவள் கழுத்து மறைந்தது, வாய் மறைந்தது, கடைசியில் மூக்குக்கண்ணாடி மட்டும்தான் தெரிந்தது. எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்துடணும்." அவளும் மாலைகளுக்குள்ளிருந்து ஒவ்வொருவரிடமும், "கண்டிப்பா வரேன்" என்றாள்.

அவள் நாட்டில் அது வெறும் மரியாதைப் பேச்சாம். கேட்டவரும் மறந்துவிடுவார், சொன்னவரும் மறந்துவிடுவார். எங்களிடம் அந்தக் கதை நடக்காது. விடியற்காலையில் குழி வெட்டி, கல்லைப் பழுக்கக் காய்ச்சி, தாரோவையும் பப்பாளியையும் தேங்காய்ப்பாலில் அடுக்கி இலையில் பொதிந்து, அந்த உமு அடுப்பை மண் போட்டு மூடிய பிறகு, வருகிறேன் என்று சொன்னவர் வராமல் போனதாகத் தீவில் யாருக்கும் நினைவில்லை. வந்துதான் ஆகவேண்டும். அவளும் வந்தாள், பதினான்கு ஊருக்கும்.

விஷயம் வெளியே வந்ததற்குக் காரணம் எங்கள் பெண்களின் பீற்றல்தான். லிக்கு ஊர்க்காரி ஒருத்தி, கை கழுவிய ஈரத்தோடு, ஹக்குப்பு ஊரிலிருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, விருந்தாளி எங்க வீட்லதான். வயித்தெரிச்சல் படாதே."

"போடி பைத்தியக்காரி! அவ இங்க என் எதிர்ல உக்காந்து நண்டுக் கொடுக்கை உடைச்சிட்டிருக்கா."

"அப்ப என் பக்கத்துல உக்காந்து ஏப்பம் விடறது யாரு, உன் மாமியாரா?"

கால்மணி நேரத்தில் தீவு முழுக்கப் போன் அலறியது. காவல் அதிகாரி விலிதாமா ஜீப்பை எடுத்துக்கொண்டு கடலோரச் சாலையில் ஒரு சுற்று வந்தார். போன இடமெல்லாம் கிளெனிஸ் இருந்தாள், போன இடமெல்லாம் அவருக்கும் ஒரு தட்டு இருந்தது. மாலை ஐந்து மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, "ஆள் ஒன்று, எண்ணிக்கை பதினான்கு, குற்றம் எதுவும் இல்லை" என்று எழுதி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். எல்லாருக்கும் அதே பாஸ்போர்ட் எண், அதே முழங்கால் வலி. அன்று ராத்திரி தீவில் யாருக்குத் தூக்கம் வந்தது!

இதில் வைதோகி ஊரின் நிலைமை வேறு. கிழக்கே, காட்டைத் தாண்டி இருக்கிற கடைசி ஊர் அது. அங்கே மோகா மட்டும்தான் மிச்சம். அறுபத்தாறு வயது, கணவர் இல்லை, ஒரே மகள் ஃபிசா ஆக்லாந்தில் செவிலி. டிசம்பரில் பக்கத்து வீட்டு லகாலோகா குடும்பமும் ஜன்னல்களில் ஆணி அடித்துவிட்டுப் போன பிறகு, ஃபிசா தினமும் போனில் அழுது, அம்மாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை விமானம், திரும்பி வருகிற டிக்கெட் கிடையாது. மோகாவுக்குப் போக மனமே இல்லை. அதை வெளிப்படையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு பக்கத்து வீடு, அதில் விளக்கெரிந்தால் போதும், மகளிடம் முடியாது என்று சொல்லிவிடுவாள். அந்த ஒன்று இல்லை. கோழிகளைக் கொடுத்தாயிற்று, மெத்தையையும் கொடுத்தாயிற்று. கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு உமு போட்டுவிட்டுப் போவோம் என்றுதான் அவளும் மாலையோடு விமான நிலையத்துக்குப் போயிருந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் மற்ற ஊர்களில் கிளெனிஸுக்கு மெத்தை விரித்தார்கள். மோகா வீட்டில் விரிக்க ஒன்றுமில்லை. அதனால் பக்கத்து வீட்டு ஜன்னல் ஆணிகளை இரண்டு பேரும் சேர்ந்து பிடுங்கினார்கள். ஆக்லாந்துக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு லகாலோகா, "தாராளமா இருக்கச் சொல்லு மோகா, அலமாரியில பல்லி மட்டும் ஜாஸ்தி" என்றான். அந்த வாரம் முழுக்கத் தீவு தலைகால் புரியாமல் ஆடியது. ஒரு கிளெனிஸ் முத்தலாவு ஊரில் பாட்டுக்குழுவில் சேர்ந்தாள். இன்னொருத்தி அவத்தேலேயில் முழங்கால் வலியோடு ஓடம் வலித்தாள். லிக்குவில் இருந்தவள் பாய் முடையக் கற்று ஒரு மூலையை முடித்தும்விட்டாள். வைதோகியில் இருந்தவள் சமையற்கட்டைக் கழுவினாள், பல்லிகளுக்குப் பெயர் வைத்தாள், புதன்கிழமை மோகாவைக் காப்பிக்குக் கூப்பிட்டாள். இரண்டரை மாதத்துக்குப் பிறகு மோகா இன்னொரு வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்தாள். குடித்துவிட்டுத் தன் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இருந்துவிடேன் என்று கேட்க முடியாது. விருந்தாளியிடம் அப்படிக் கேட்டால் அவளுக்கு மறுக்க வழியிருக்காது; அது எங்களிடம் பெரிய அவமரியாதை. மோகா பெட்டியைக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் விமான நிலையத்தில் அப்படியொரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பதினான்கு ஊரும் தங்கள் தங்கள் கிளெனிஸுக்குச் சிப்பி மாலை போட்டு அழைத்துவந்திருந்தன. குடியேற்ற அதிகாரி சியோஃபெலே கண்டிப்பான பெண்மணி. கவுண்டரைத் தட்டினாள்.

"ஒரு டிக்கெட்டு, ஒரு ஆளு. யார் போறீங்கன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. விமானம் உங்களுக்காக நிக்காது."

"எங்க ஆளை அனுப்ப முடியாதும்மா!" என்று லிக்குக்காரர்கள் கத்தினார்கள். "அவ பாய் பாதியில நிக்குது!"

"எங்களுக்கு ஈஸ்டர் பாட்டுக்கு ஆள் வேணும்!" என்றது முத்தலாவு.

பதினான்கு கிளெனிஸ்களும் குளிர்பானக் கடையோரம் தலையைச் சேர்த்து இரண்டே நிமிடம் பேசினார்கள். பிறகு தலைநகர் அலோஃபியில் தங்கியிருந்தவள் முன்னால் வந்து, "வீட்ல பூனை இருக்கு, நான் போறேன்" என்றாள். சியோஃபெலே முத்திரை குத்தி, "கிளெனிஸ் டஃபி புறப்பட்டார்" என்று பதிந்துகொண்டாள். காகிதப்படி அவள் போய்விட்டாள், ஆகவே மிச்சமிருக்கிற பதின்மூன்று பேரை வெளியேறச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. வேலிக்குப் பின்னால் எழுந்த ஆரவாரத்தில் விமானி காதைப் பொத்திக்கொண்டார் என்கிறார்கள். நான்கூடக் கத்தினேன், பொய் சொல்வானேன்.

அப்புறம் மோகாவின் முறை. பெட்டியைத் தூக்கி எடை மேடையில் வைத்தாள். இந்தப் பதின்மூன்று பேரும் கூட்டம் இருக்கிற ஊராகப் பார்த்துப் போய்விடுவார்கள், வைதோகிக்கு யார் வருவார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். அப்போது கிழக்கே வானம் கறுத்தது. அவள் வீட்டுப் பக்கத்தில் தங்கியிருந்த கிளெனிஸ் அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயையோ மோகா, துணியெல்லாம் கொடியில கிடக்கு! உன் போர்வையும் அதுலதான். நான் முன்னாடி ஓடறேன், நீ பெட்டியை எடுத்துக்கிட்டு மெதுவா வா."

சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கிழக்கே போகிற வண்டி ஒன்றில் ஏறிப் போயே போய்விட்டாள்.

"அக்கா, ஏறப்போறியா இல்லையா?" என்றாள் சியோஃபெலே.

"பெட்டியை இறக்குடி," என்றாள் மோகா. "அவளுக்குப் புகை போறதுக்கு எந்த ஜன்னலைத் திறக்கணும்னுகூடத் தெரியாது."

அதற்குப் பிறகு ஏழு வருடம் ஓடிவிட்டது. வாக்காளர் பட்டியலில் கிளெனிஸ் டஃபி என்ற பெயர் பதின்மூன்று தடவை வருகிறது. தபால்காரர் ஊர்ப் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுகிறார். முத்தலாவுக்காரி ஒரு மீனவரைக் கட்டிக்கொண்டாள். ஹக்குப்புக்காரிக்கும் லிக்குக்காரிக்கும் ஒரு பாய் விஷயத்தில் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருத்தி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தால் மற்றவர்களுக்கும் வலி கொஞ்சம் குறைகிறதாம்.

அந்த வெள்ளிக்கிழமை கிளம்பிய விமானம் ஆக்லாந்தில் சனிக்கிழமை இறங்கியது; நடுவில் தேதிக்கோடு இருக்கிறது, எப்போதும் அப்படித்தான். ஃபிசா வாசலில் பூங்கொத்தோடு நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் வந்துவிட்டார்கள், அம்மாவைக் காணோம். கடைசியாகச் சிப்பி மாலை போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து அவள் எதிரில் நின்றாள். அலோஃபியில் ஒரு வாரம் இருந்தவள், மோகாவிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டாள்.

"நீதானே ஃபிசா? அம்மாவைத் தேடாதம்மா, அவங்க வரல. கவலைப்படாதே, பக்கத்து வீட்லதான் நான் இருக்கேன்."

ஃபிசா எங்கள் தீவில் பிறந்தவள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கே மழையா என்று மட்டும் கேட்டாள்.

"கொட்டுது. துணியை எடுத்து வச்சிட்டோம். அம்மா இப்பதான் காப்பி குடிக்க உள்ள வராங்க."

ஃபிசா பூங்கொத்தை அவளிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.