ஒரு நாள் நடை

முதுகுக்குத் தலையணை கொடுத்து அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்துக்கொண்டிருந்தாள் மகள். வீட்டுக்கு வந்திருந்த நர்ஸ் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். நினைவு சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, குனிந்து கேட்டாள்.

"ஐயா, இது எந்த ஊர்னு சொல்லுங்க பார்ப்போம்?"

"இந்த ஊரை விடும்மா. இது எங்கயும் ஓடிப்போகாது. அந்த ஊர் எங்கன்னு கேளு, சொல்றேன்."

நர்ஸ் தாளில் 'குழப்பம்' என்று எழுதினாள். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், நர்ஸுக்கு என்ன தெரியும்? சர்வேயராக இருந்த அப்பா நாற்பது வருஷமாக இப்படித்தான் இருக்கிறார்.

அந்த ஊர் யூதர்களின் பழைய வேதத்தில் ஒரே ஒரு வசனத்தில் வருகிறது. மலையடிவாரத்து நகரத்திலிருந்து ஒரு நாள் நடை என்று ஒரு குறிப்பு, அதோடு சரி. ஆற்றைத் தாண்டிக் கிழக்கே என்றார் சர்வேயர். ஆற்றுக்கு இந்தப் பக்கம், மேற்கே என்றார் எதிர்வீட்டுப் போதகர். இரண்டு பேரும் அந்தத் தேசத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. ஆனாலும் தினம் சாயங்காலம் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு குடுமிப்பிடிச் சண்டை.

"நீ அளந்து கிழிச்சது போதும்டா" என்பார் போதகர்.

"உன் பிரசங்கத்துல தூங்காம உட்கார்ந்திருந்தவன் நான் ஒருத்தன்தான். அந்த நன்றிகூட இல்லியாடா?" என்பார் இவர்.

இரண்டு பேரையும் அந்த ஊருக்கே அனுப்பித் தொலைக்கலாம், எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை என்பாள், உயிரோடு இருந்தவரை அம்மா.

நர்ஸ் போனதும் அப்பா மகளின் கையைப் பிடித்தார்.

"கதவைச் சாத்து."

சாத்தினாள். தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லப்போகிறாரோ என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

"அவன் சொன்னதுதான் சரி. மேற்கேதான்."

"அப்பா!"

"நேத்து நான் பாத்ரூம் போயிட்டு வர எவ்வளவு நேரமாச்சு, பார்த்தியா? அப்பதான் உறைச்சுது. ஒரு நாள் நடைக்கு நான் என் நடையைக் கணக்குப் போட்டிருக்கேன். வயசுல நிலம் அளக்கற சங்கிலியைப் புடிச்சுக்கிட்டு ஓடினேனே, அந்த நடை. அவங்க ஆடு மாடு, கிழடு கட்டை, கைக்குழந்தையோட போன ஜனங்கம்மா. இருட்டறதுக்குள்ள ஆத்தையே தாண்டியிருக்க மாட்டாங்க."

"எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிடட்டுமா? நீங்களே சொல்லிடுங்க."

"ஐயோ, வேணவே வேணாம். நான் போனப்புறமும் சொல்லிடாதே. தலைகால் புரியாம ஆடுவான். சத்தியம் பண்ணு."

பண்ணினாள். வேறென்ன செய்வது?

மத்தியானம் போதகர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அப்பா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். மூடினவர் மூடினவர்தான். "நடிக்காதேடா, எந்திரி" என்று போதகர் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் திட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கல்லறையில் ஜெபம் நடத்தினதும் அவரேதான். நடத்தி முடித்துப் புத்தகத்தை மூடினவர், தொண்டையைச் செருமினார்.

"இன்னொண்ணு சொல்லணும். நாற்பது வருஷமா நான் பிடிவாதம் பிடிச்சேன். என் சிநேகிதன் சொன்னதுதான் சரி. கிழக்கேதான்."

சொர்க்கத்துக்குத்தான் வழி சொல்கிறார் என்று நினைத்து, கூட்டத்தில் யாரோ ஆமென் போட்டார்கள்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமும் சரியாகச் சொன்ன மனுஷன், பெட்டியைக் குழிக்குள் இறக்கிவிட்டுத் தோற்றுப்போகிறாராம்! நீங்கதான் மாமா ஜெயிச்சீங்க என்ற வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது. சத்தியம் அவள் வாயைப் பொத்தியது.

வந்தவர்கள் எல்லாரும் கலைந்த பிறகும் போதகர் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கொடுத்த டீ ஏடு கட்டிவிட்டது.

"அவ்வளவுதான்மா. தீர்ந்துபோச்சு. இனிமே நான் இந்தப் பக்கம் வந்து என்ன பண்ணப்போறேன்?" என்றார். எழுந்திருக்கப் போனவர் திரும்பிக் கேட்டார். "கடைசியா ஏதாச்சும் சொன்னானா?"

உண்மையைச் சொன்னால், ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். சொல்லாவிட்டால், தோற்றுவிட்டுப் போய்விடுவார். எப்படியும் நாளைச் சாயங்காலம் வீட்டில் சத்தம் இருக்காது. அப்பா போனதையாவது தாங்கிக்கொள்ளலாம், அது அவளால் முடியாது.

"சொன்னார் மாமா. கிழக்கும் இல்ல, மேற்கும் இல்லயாம். தெற்கேயாம்."

"என்னது?"

"தெற்கே."

போதகர் துள்ளி எழுந்தார். "தெற்கேயா? வெறும் பொட்டக்காடும்மா அது! குடிக்கச் சொட்டுத் தண்ணி கிடையாது! அவன் பேச்சுக்காக நான் ஊரைக் கூட்டிவெச்சு கிழக்கேன்னு வேற சொல்லித் தொலைச்சேனே! படுபாவி!"

"கிணறு இருந்திருக்கலாமே மாமா" என்றாள். எங்கிருந்து வந்தது அந்தக் கிணறு என்று அவளுக்கே தெரியாது.

"கிணறா? யார் வெட்டினா, உங்க தாத்தாவா? அப்பனுக்குத் தப்பாத பொண்ணு! நாளைக்குச் சாயங்காலம் வர்றேன். எங்க இருக்குன்னு நீ காட்டு, பார்க்கிறேன்!"

முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கி, செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். எதிர்வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மகள் வரைபடத்தை விரித்து, தெற்கே கிணறு வெட்ட ஓர் இடம் தேட ஆரம்பித்தாள்.