இடது பக்கம் விழுந்த முடிச்சு

…அப்படியென்றால் முந்திக்கொண்டு பதில் சொல்கிற செட்டுதான் பொய் சொல்கிற செட்டு. கம்பெனி இன்ஜினியர் வீரராகவன் சார் சொன்ன அந்தப் பேச்சு ஞானகுமாரியின் மனசில் வந்து உட்கார்ந்துகொண்டது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. ஏரிக்கரையில் பனைமரத்து நிழலில் காலை நீட்டி, ஆறாம் மாசத்து வயிற்றின் மேல் வயர்லெஸ் செட்டைச் சாய்த்து வைத்திருக்கிறாள், உள்ளே இருப்பது ஒரு உதை விட்டால் செட்டோடு ஏரியலும் சேர்ந்து ஆடுகிறது. அம்பத்தூர் எஸ்டேட் ஃபேக்டரியில் செட்டுக்குப் பற்றவைத்து நாள் முழுக்க ஈயப் புகையை மூக்கில் வாங்கினவளுக்குத் திருநின்றவூர் ஏரிக்காற்று கொள்ளை சுகம்தான், ஆனால் அசையக் கூடாது. "நீங்க நகர்ந்தா வழி அறுந்துடும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வீரராகவன் சார் பெல்ட்டில் பேஜர் ஆட ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போனார். புதுச் செட்டுக்கு இன்றைக்குச் சோதனை, கம்பமில்லை, கம்பியில்லை, நடுவில் ஆபீஸ் என்று ஒன்றுமில்லை, ஆளுக்கொரு செட்டைச் சுமந்துகொண்டு கரையைச் சுற்றி நடக்கிறார்கள்… ஸ்டேஷன் பக்கம் நிற்கிற வேனுக்குச் சேதி போகணும் என்றால் இவள் செட்டு பக்கத்துச் செட்டைக் கேட்கும், வேனுக்கு வழி தெரியுமா, அது அடுத்ததைக் கேட்கும், ஆள் நகர்ந்தால் வழி மாறும், மறுபடி கேட்கும், எது முதலில் தெரியும் என்கிறதோ அதன் கையில் சேதியை நம்பிக் கொடுத்துவிடும். காலையிலிருந்து இவள் அனுப்பின சேதிக்கெல்லாம் செட்டின் சின்னக் கண்ணாடியில் 'கிடைத்தது' என்று எழுத்து வந்தது. வேனில் ஒன்றுகூட வரவில்லை! பேக்கிங் செக்ஷன் துலுக்கானத்தின் செட்டை சார் வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்திருந்தாராம், எதைக் கேட்டாலும் தெரியும் என்று சொல்ல, வாங்கி விழுங்க, வேன் பெயரில் தானே 'கிடைத்தது' என்று திருப்பியனுப்ப. "நடுவுல இருக்கறது சொன்னதை வேன் சொல்லுதுன்னு நம்பிட்டீங்க" என்று சிரித்தார். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் கூடப் பிறந்த ஜெயபால் அண்ணனும் அப்படித்தானே… கேள்வி வாயை விட்டு வருவதற்குள் பதில் வந்துவிடும். பக்கத்து ஃபேக்டரியில் வேலை, கேண்டீன் வாசலில் தினம் முகம் பார்ப்பவன். நைனாகிட்ட சொன்னியாண்ணா, நான் மாசமா கீறேன்னு… "சொன்ட்டேன் பாப்பா." இன்னா சொன்னாரு? "கேட்டுக்கினாரு." அவ்வளவுதானா, ஒரு வார்த்தைகூடவா? "அவரப் பத்தித் தெரியாதா உனுக்கு?" தெரியும், நன்றாகத் தெரியும். ஆவடி லாரி ஸ்டாண்டில் மூட்டை தூக்கித் தூக்கிக் கழுத்து தோளுக்குள் இறங்கிப்போன நைனா வேதமுத்து, லேத்துக்காரன் சாதுல்லாவைக் கட்டிக்கொண்டு மகள் பூந்தமல்லிக்குப் போன நாளில் கத்தவில்லை, கை ஓங்கவில்லை, சாமியைத் திட்டவில்லை, தட்டில் இருந்த சோற்றை முடித்துவிட்டு வேலைக்குப் போனார். அன்றோடு பேச்சு நின்றது. பிரசவத்துக்குள் அந்த வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை, வசவானாலும் சரி, அதுதான் கேட்டாள். கேட்டுக்கினாரு என்றதும் சரி, தெரிந்தும் வாய் திறக்கவில்லை, இனிமேல் நானும் சொல்லியனுப்ப மாட்டேன் என்று அன்றைக்கு ராட்டினத்துக் கயிறு மாதிரி மனசை இறுக்கிக்கொண்டாள். ஆனால் அவருக்குத் தெரியவே தெரியாது என்றால்? வெள்ளானூர் வீட்டில் அந்த மனுஷன் இந்நேரம் ஒன்றும் தெரியாமல் பீடி புகைத்துக்கொண்டிருந்தால்?

துலுக்கானம் தோளில் செட்டும் தலையில் துண்டுமாகக் கரையேறி வருகிறார். "இன்னா தங்கச்சி, உன் சேதியெல்லாம் நான்தான் துன்ட்டேனாமே? ஊட்டுச் சோறையே பாதிதான் துன்னேன்."

"உன் பொட்டி துன்னுச்சு அண்ணாத்தே. நீ இன்னா பண்ணுவ."

"தூக்கினு நடன்னாரு சாரு, நடந்துகினு கீறேன். முதுவுமேல குந்திகினு அது பொய் சொல்லுதுன்னு எனுக்கு எப்டித் தெரியும்? பெத்தவன் மாதிரி சொமந்தேன் அத்த…" செட்டின் தலையில் வலிக்காமல் ஒரு தட்டு தட்டிவிட்டு நடக்கிறார். ஜெயபாலும் அப்படித்தானோ, கெட்டவனில்லை அவன், நைனா முன்னால் போய் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், தங்கச்சியிடம் வந்து இல்லை என்று சொல்லவும் மனசு வராது, இரண்டு பக்கமும் ராத்திரி தூங்கட்டுமே என்று நடுவில் நின்று தானே ஒரு பதிலைச் செய்து கொடுத்திருப்பான்… பாவம். ஆனால் சொல்லாதது சொல்லாததுதானே. அப்போ வேன்தான் பேசுதுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது என்று இவள் கேட்டதற்கு, ஸ்கூட்டர் ஏறுமுன் வீரராகவன் சார் சொன்னார், கடைசியில் இருக்கிறவரால் மட்டுமே செய்ய முடிந்த ஏதோ ஒன்று பதிலோடு வரணும், நடுவில் யார் தூக்கிக்கொண்டு வந்தாலும் சரி, அவர்களால் அதைச் செய்ய முடியக் கூடாது.

செட்டு வயிற்றிலிருந்து வழுக்குகிறது. வாரைப் பிடித்து இழுக்கிறாள், காலையில் அறுந்துபோன வார், கைப்பையில் கிடந்த சணல் கயிற்றைப் போட்டு முடிந்திருந்தாள். விரல் முடிச்சைத் தொட்டதும் அப்படியே நிற்கிறது. இது எந்தக் கயிறு? போன வாரம் ஃபேக்டரி கேட்டில் கீரைக்கார வேம்புலியம்மாள், வெள்ளானூர்க்காரி, "உங்க ஊட்லருந்து" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டுப் போன பையின் கயிறு. பை நிறைய கொடுக்காப்புளி, சிவந்து வெடித்தது, வாயில் வைத்தால் துவர்ப்பும் தித்திப்பும்… அண்ணிதான் அனுப்பியிருக்கிறாள் என்று உட்கார்ந்து அத்தனையும் தின்றாள். பை வாயில் லோடுமேன் முடிச்சு, இழுக்கிற நுனியை இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும், தெரியாதவன் மல்லுக்கட்டணும். சாதுல்லா மல்லுக்கட்டினான், பிறகு கத்தியை எடுத்தான், இரு இரு என்று பையைப் பிடுங்கி, முடிச்சைப் பார்க்காமலே இழுத்தாள், அவிழ்ந்தது. எந்தப் பக்கம் இழுத்தாள்? ஏரித் தண்ணீரைப் பார்த்தபடி கையை வெறும் காற்றில் இழுத்துப் பார்க்கிறாள், இடது கை, இடது பக்கம்… எல்லா லோடுமேனுக்கும் நுனி வலது பக்கம் விழும், ஜெயபாலுக்கும் வலதுதான், அவன் சின்ன வயசிலேயே ஸ்டாண்டில் நின்று கற்றுக்கொண்டவன். நைனாவுக்கு மட்டும் லாரிக் கதவு வலது கையில் இரண்டு விரலை நசுக்கின பிறகு முடிச்சின் நுனி இடது பக்கம் திரும்பிப்போனது. அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்த ரேஷன் மூட்டைகளை அவிழ்த்தவள் இவள், அவரைப் பார்த்தே கட்டப் பழகினவளும் இவள். இந்த வாரைக்கூட, பார், இடது பக்கம்தான் விட்டிருக்கிறாள்.

நைனாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஜெயபால் சொன்னானோ, கீரைக்காரி சொன்னாளோ, யார் சொன்னால் என்ன, தெரிந்திருக்கிறது, மூட்டை தூக்குகிற அந்த மனுஷன் மரத்தடியில் நின்று துரட்டி போட்டு, நொறுங்கின விரலால் முள்ளுக்கு நடுவே பறித்து… அவள் மூக்கை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே புரியவில்லை. வார்த்தையைக் கேட்டாள், வந்துதான் இருக்கிறது, தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பியிருக்கிறாள். அப்படியானால் ஒரு வாரமாக அங்கே வெள்ளானூரில் உட்கார்ந்து, பை போய்ச் சேர்ந்ததா இல்லையா, மகள் வாயைத் திறக்க மாட்டாளா என்று காத்துக்கொண்டிருப்பது யார்?

எழுந்து ஓடணும் போல இருக்கிறது, அசைந்தால் வழி அறுந்துவிடும், எதிர்க்கரையில் துலுக்கானத்தின் துண்டு வெள்ளையாகச் சின்னதாகத் தெரிகிறது. அதே பையைத் திருப்பி அனுப்பணும், அதே கயிறு, நுனி இடது பக்கம். ஜெயபாலிடமே கொடுக்கலாம், அவன் அவிழ்த்துப் பார்த்தாலும் திரும்ப இப்படிக் கட்ட வராது. நைனா கை வைத்ததும் மகள் கட்டினது என்று தெரிந்துகொள்வார். செட்டை வயிற்றில் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், உள்ளே ஒரு உதை… பைக்குள் என்ன வைப்பது என்பதுதான் தெரியவில்லை.