வேலைக்கு ஆகாதவள்

தமிழ்ச் சனம் நெருங்கி வாழும் லா சப்பலில் ஞானசுந்தரத்தின் கை படாமல் ஒரு பிரெஞ்சுக் கடிதமும் பலிக்காது என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். அகதி வழக்கு எழுதி எழுதிக் கை பழகிய மனிதர். எவர் வந்து குந்தினாலும் அவருடைய பேனைக்கு ஒரே சங்கதிதான் தெரியும்: எவ்வளவு அழுகிறாயோ அவ்வளவு தருவான் வெள்ளைக்காரன்.

கோசலைக்கும் இரண்டாயிரத்துப் பத்தில் அவர்தான் வழக்கு எழுதினார். அவள் இயக்கத்தில் பதினொரு வருடம் இருந்தவள். முன்னரங்கில் மிதிவெடிக்கு இடது காலைக் கொடுத்தவள். போராளி என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவான் என்று சொல்லி, பிள்ளைக்குப் பால்மா வாங்கப் போன இடத்தில் ஷெல் விழுந்ததாக எழுதினார். அவளுக்குப் பிள்ளையே இல்லை. அதே மனிதர் கார்த்திகையில் மாவீரர் நாள் வந்தால் மேடையில் ஏறி, அவயவம் இழந்த வீரர்களைப் பற்றித் தொண்டை கட்டப் பேசுவார். கேட்டுக்கொண்டிருக்கும் கோசலைக்கு அந்தத் தொண்டைக்குள் ஒரு பிடி மண்ணைப் போட வேண்டும் போலிருக்கும்.

ஏழு வருடம் கழித்து, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் உடுப்புத் தோய்த்து, இஸ்திரி போட்டு மினுக்கிக் கொடுக்கும் சின்னக் கடையொன்றை வைத்திருந்தாள். கடை தள்ளாடியது. அந்த நேரம் பார்த்துப் புறநகர் நகரசபையொன்று, தன் சமையற்கூடத் தொழிலாளரின் சீருடைகளைத் தோய்க்கும் ஒப்பந்தத்தை அங்கவீனர் நடத்தும் தொழில்களுக்கென்று ஒதுக்கியது. கிடைத்தால் கடை நிமிரும், இல்லாவிட்டால் பூட்டுத்தான். விண்ணப்பிக்க, அங்கவீனமுள்ள தொழிலாளி என்ற அரச அத்தாட்சி வேண்டும். முன்னாள் படைவீரருக்கு இந்த நாட்டில் தனி அட்டை இருந்தது. அவள் நின்ற படைக்கு அட்டை கொடுக்க உலகத்தில் ஒரு கந்தோரும் இல்லை.

படிவம் நிரப்பவும் மருத்துவருக்கு முன்னால் மொழிபெயர்க்கவும் ஞானசுந்தரத்திடமே போனாள். அதுதான் அவள் விட்ட பிழை.

என்னென்ன வேலை செய்ய முடியும் என்று அந்த மருத்துவப் பெண் கேட்டாள். கோசலை வாய் திறக்குமுன் அவர் தொடங்கிவிட்டார். நிற்கமாட்டாள், நடக்கமாட்டாள், கக்கூசுக்கும் ஆள் தூக்கிப் போகவேண்டும். பாதி விளங்கி எழும்பப் பார்த்தவளின் தோளை அமத்தி, தமிழில் மெல்லச் சொன்னார்:

"அழு பிள்ளை. கொஞ்சம் அழு."

ஆறு கிழமையில் கடிதம் வந்தது. எந்த வேலைக்கும் தகுதியற்றவள், அத்தாட்சி இல்லை, மாதாமாதம் உதவிப்பணம் உண்டு. ஞானசுந்தரம் லட்டுப் பெட்டியோடு கடைக்கு வந்தார்.

"சாகுமட்டும் காசு. நான் எழுதினாப் பிழை போகுமோ?"

"நான் கேட்டது வேலை அண்ணை."

"விசரி, ஆரும் வேலை கேப்பினமோ?"

"என்ர காலை எடுத்தவனுக்கு என்னில கொஞ்சம் பயமாவது இருந்தது. நீங்கள் மிச்சத்தையும் எடுத்துப்போட்டு லட்டுத் தாறியள்."

ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்க இன்னும் ஏழு கிழமை இருந்தது. தன்னை மறுபடி சோதித்துப் பார்க்கச் சொல்லி அவளே கந்தோருக்கு எழுதினாள். பிழை மலிந்த ஆறு வரி. கூப்பிட்டார்கள். அதே மருத்துவப் பெண், மொழிபெயர்ப்பாளர் எங்கே என்று கேட்டாள். செத்துப்போனார் என்றாள் கோசலை.

பிறகு கடைப் பிரெஞ்சில் உள்ளதைச் சொன்னாள். நாலு மணித்தியாலம் நிற்பேன். பிறகு கதிரையில் இருந்துகொண்டு மினுக்குவேன். பெரிய மூட்டை தூக்கமாட்டேன். கால் எப்படிப் போனது என்று கேட்டபோது மட்டும் நிதானித்தாள். பழைய வழக்கைக் கிண்டினால் இருக்கிற விசாவுக்கும் ஆபத்து. ஆனால் இன்னொரு தரம் பால்மா வாங்கப் போக அவளால் முடியவில்லை.

"மிதிவெடி. நான் சிப்பாய்."

"எந்தப் படை?"

"தோற்ற படை."

அதை எழுதப் படிவத்தில் இடமிருக்கவில்லை. மருத்துவப் பெண் நாலு மணித்தியாலம் என்று மட்டும் எழுதினாள்.

கடைசி நாளுக்கு நாலு நாள் முன்பு அத்தாட்சி வந்தது. உதவிப்பணம் நின்றது. வீட்டுக்கு வந்த சீதேவியை இருக்கிற ஒற்றைக் காலாலும் உதைத்தவள் என்று ஞானசுந்தரம் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். கோசலை விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போட்டாள்.

புரட்டாதியில் முதல் வண்டி வந்தது. எண்ணெய் மணக்க மணக்க இருநூறு சீருடை. அந்தக் கிழமையே, தன் மைத்துனனுக்குக் கடையில் வேலை இருக்குமோ என்று ஞானசுந்தரம் ஆள் விட்டுக் கேட்டார்.

"மூட்டை தூக்கத்தான் ஆள் வேணும்," என்றாள் கோசலை. "அண்ணையையே வரச் சொல்லு."