சட்டைகளின் கதை

நாங்கள் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறோம். துணி தேய்ப்பது நானும் என் வீட்டுக்காரரும். துணி கொடுத்தவர்களைப் பற்றிக் கதை கட்டுவது எங்கள் மகள் வாலு. பட்டன் போன சட்டை வந்தால் போதும். "இந்த மாமா தூங்கறப்போ எலி வந்து பட்டனைத் தூக்கிட்டுப் போயிருச்சு. எலி வீட்டுல அதுதான் சாப்பாட்டுத் தட்டு" என்பாள். அதைக் கேட்ட சட்டையின் சொந்தக்காரரான வங்கிக்காரர், தட்டு எலிக்கே இருக்கட்டும் என்று பட்டன் தைக்காமலே சட்டையை வாங்கிக்கொண்டு போனார். இந்த வாய்க்கு ஒரு பூட்டு வேண்டும் என்று நானே கரித்துக்கொட்டியிருக்கிறேன்.

அப்போது அவள் தெருமுனைப் பள்ளியில் படித்தாள். அங்கே டீச்சர் ஓர் இலையைக் கையில் கொடுத்து, இது என்ன பேசும் என்று கேட்பார். "விளையாட்டுக் காட்டியே பிள்ளைங்கள கெடுக்கறாங்க" என்று என் நாத்தனார் ஓதிக்கொண்டே இருந்தாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும். போன வருஷம் பெரிய பள்ளியில் சேர்த்தோம்.

குறை சொல்ல முடியாது. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. கட்டுரையை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறாள். முதல் ரேங்க் என்று நாத்தனார் தெருவெல்லாம் தம்பட்டம் அடிக்கிறாள். கடையில்தான் சத்தமே இல்லை. எனக்கு என் வாயாடி வேண்டும். பெற்ற பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அவளுக்காக ஏங்குவது என்ன கொடுமை, நீங்களே சொல்லுங்கள்.

நேற்று சாயங்காலம் பை முழுக்கப் பச்சை மை கொட்டிய சட்டை ஒன்று வந்தது. வீட்டுப்பாடம் முடித்துக் கைகட்டி உட்கார்ந்திருந்தவளிடம் நீட்டினேன்.

"இது யாருதுடி?"

குத்தியிருந்த பெயர்ச் சீட்டைப் பார்த்தாள். "மாடி வீட்டு சாருது."

"அது எனக்கும் தெரியும். இந்த மை எப்படிக் கொட்டுச்சு?"

கொஞ்சம் யோசித்தாள். "அதை மிஸ் இன்னும் நடத்தலம்மா."

சரி, நாமே ஆரம்பித்து வைப்போம் என்று வாயில் வந்ததை உளறினேன். "அந்த சாரு பையில ஒரு பச்சைக் கிளி வச்சிருந்தாரா, அது வெயில் தாங்காம உருகிருச்சு." எனக்கே கேவலமாக இருந்தது. பழைய வாலு என்றால் பாதியிலேயே என் வாயைப் பொத்தி, கதையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பாள். பிடுங்கடி, பிடுங்கடி என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கதை முடியும்வரை அவள் அசையாமல் கேட்டாள். பிறகு பென்சிலை எடுத்தாள்.

"இதை மனப்பாடம் பண்ணணுமாம்மா?"