அறுபத்திரண்டு பாயிண்ட் நாலு

வண்டி மேல் இருந்த கரிசனத்தில் கால்வாசி கட்டின பெண்டாட்டி மேல் இருந்திருந்தால் அந்த மனுஷனைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே வந்திருக்காது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது அவன் உத்தியோகம். நாள் முழுக்க அதையே செய்ததில், எதைச் சொன்னாலும் புள்ளி வைத்துச் சொல்லும் வியாதி பிடித்துக்கொண்டது. வண்டி லிட்டருக்கு ஐம்பத்தாறு கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வாயில் வராது. "ஐம்பத்தாறு பாயிண்ட் மூணு" என்பான். மனைவியின் அண்ணன் வைத்திருந்த ஒர்க்‌ஷாப்பில் அவனுக்குப் பெயரே பாயிண்ட். அதைத் தன் அறிவுக்குக் கொடுத்த பட்டம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குப் பெட்ரோல் பங்கில் வேலை. காலை ஆறு மணிக்கு ஷிப்ட், எட்டு மணி நேரமும் நின்றபடிதான். இரண்டு வருஷத்துக்கு முன் முதுகெலும்பில் ஒரு தட்டு நழுவியது. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டால் நிற்கலாம், ஆனால் குலுங்கக் கூடாது என்றார் டாக்டர். "இன்னொரு தடவை நல்லா அடி வாங்கினா ஆபரேஷன்தாம்மா. அப்புறம் நிக்கிற வேலைய மறந்துடணும்." முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். வேறு வழியில்லாமல் அவன் பின்னால் உட்கார்ந்து போனாள்.

வீட்டிலிருந்து பங்குக்குப் பதினோரு ஸ்பீடு பிரேக்கர். பதினொன்றிலும் மகாராஜா பறப்பார். "ஏங்க, கொஞ்சம் மெதுவா..." என்று கெஞ்சினால், "வண்டின்னா குலுங்கத்தான் செய்யும். பல்லக்கா இது?" என்பான். பங்கில் இறங்கினதும் பெட்ரோல் போடும் மெஷினைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் மூச்சை அடக்கி நிற்பாள். அவன் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

இந்த லட்சணத்தில் யாரோ ஒரு புண்ணியவான், பிரீமியம் பெட்ரோல் போட்டால் மைலேஜ் ஏறும், எஞ்சின் பூப்போல ஓடும் என்று அவன் காதில் ஓதிவிட்டான். அவ்வளவுதான். நூறு சிசி வண்டி, பழைய மாடல். அதற்குப் பிரீமியம்!

அண்ணன் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். "மாப்பிள்ளை, உள்ள அழுத்தம் அதிகமா இருக்கிற பெரிய எஞ்சினுக்குத்தான் அது. அதுல சாதாரண பெட்ரோல் போட்டா முன்னாடியே பத்திக்கிட்டு டக்டக்னு தட்டும். தட்டாம இருக்கத்தான் இந்த பெட்ரோலே. உங்க வண்டி தட்டவே இல்லையே, அப்புறம் எதுக்கு?"

"மச்சான், நீங்க ஸ்பேனர் பிடிக்கிறவர். நான் ரீடிங் எடுக்கிறவன்" என்றான் அவன். அதற்கு மேல் யார் பேசுவது?

பிரீமியம் போட்ட முதல் நாள் ஓர் அதிசயம் நடந்தது. முதல் ஸ்பீடு பிரேக்கர் வந்தது. வழக்கம்போல அவள் பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி அடங்கி, ஊர்ந்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மெல்ல இறங்கியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனுஷனுக்குள்ளும் ஓர் ஈரம் இருந்திருக்கிறதே என்று நினைத்தாள்.

"விலை உசந்த பெட்ரோல். சும்மா முறுக்கி வீணாக்கக் கூடாது பாரு" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. வந்த அழுகை அப்படியே நின்றுபோனது.

திங்கட்கிழமை தோறும் அவளை இறக்கிவிட்டு, ஐந்து லிட்டருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பங்கின் பின்பக்கம் இருந்த கண்ணாடியில் தலை சீவப் போய்விடுவான். இருக்கிற நாலு முடிக்குப் பத்து நிமிஷம். மூன்றாவது திங்கட்கிழமை பிரீமியம் தீர்ந்துபோய் இருப்பு இல்லை என்று பலகை தொங்கியது. அவள் சாதாரணத்தையே போட்டாள். வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். அவனோ வந்ததும் வராததுமாய் கிக்கரை உதைத்து, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டான்.

"கேட்டியா? வெண்ணெய்! இதுதான் பிரீமியம்."

சொல்ல வந்ததை அவள் அப்படியே விழுங்கினாள். மறுநாள் காலையில் பங்குக்குப் போகும்போதும் பதினோரு ஸ்பீடு பிரேக்கரும் பூவாய்க் கடந்தன. அதற்கப்புறம் ஒரு சொட்டுப் பிரீமியம்கூட அந்த டாங்கைப் பார்க்கவில்லை. மிச்சமான காசில் முதுகுக்குத் தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டாள். அவளுக்கு அதில் கடுகளவு உறுத்தலும் இல்லை.

பிரீமியம் ஆரம்பித்து ஏழு வாரம் ஓடியது. படுக்கையில் தானாகவே புரண்டு படுக்க முடிந்தது. அவன் நோட்டில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. ஒவ்வொரு ராத்திரியும் அதைச் சத்தமாக வாசிப்பான். முட்டாளே, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, "அப்படியாங்க!" என்று வாயால் சொல்வாள்.

எட்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, இருவரும் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். கீழே ஒர்க்‌ஷாப், மாடியில் வீடு. வண்டி சரிபார்க்க வந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் கிடைத்தால் விடுவானா? நோட்டை விரித்துவிட்டான்.

"அறுபத்திரண்டு பாயிண்ட் நாலு! மச்சான், இப்ப என்ன சொல்றீங்க?"

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "பேச்சே வேணாம் மாப்பிள்ளை. ஒரு லிட்டர் பாட்டில்ல பெட்ரோல் ஊத்தி, டியூப் போட்டு, நேரா கார்புரேட்டர்ல மாட்டுவோம். நானே ஓட்டுறேன். முதல்ல பிரீமியம், அப்புறம் சாதாரணம். எது எவ்வளவு தூரம் போகுதுன்னு பார்த்துடலாம்."

அவளுக்குத் திக்கென்றது. இரண்டும் ஒன்று என்று தெரிந்தால் நாளைக்கே இவன் பழையபடி பறப்பான். "அண்ணா, விட்டுடுங்களேன். எதுக்கு வம்பு?" என்றாள். அண்ணன் அவளை விநோதமாகப் பார்த்தார்.

"பார்த்தீங்களா? என் பெண்டாட்டிக்கே புரிஞ்சிருக்கு" என்று அவன் நெஞ்சை நிமிர்த்தினான். "இதுக்கே அசந்துட்டா எப்படி? இன்னொண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். நான் தனியா ஓட்டினா அறுபத்தாறு பாயிண்ட் ஆறு. இவ ஏறினா அறுபத்திரண்டு பாயிண்ட் நாலு. லிட்டருக்கு நாலு பாயிண்ட் ரெண்டு இவளாலதான் போகுது." அவள் பக்கம் திரும்பினான். "நாளையிலேருந்து நீ பஸ்ல போயிடு."

"ஆறு மணி ஷிப்டுங்க. முதல் பஸ்ஸே ஆறரைக்கு."

"ஷிப்ட மாத்திக் கேளு. இல்லாட்டி நடந்து போ, முதுகுக்கும் நல்லது."

உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இந்த ஜென்மத்திடமா இத்தனை நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம்!

"ஆறு வாரமா உங்க டாங்கில இருக்கிறது சாதாரண பெட்ரோல்" என்றாள்.

"என்ன?"

"ஊத்துறது நான்தானே? நீங்க தலை சீவப் போயிடுவீங்க. ஒரு சொட்டு பிரீமியம்கூட ஊத்தல."

அவன் முகம் தொங்கிப்போனது. நோட்டைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். "பொய் சொல்றே. அப்போ அறுபத்திரண்டு பாயிண்ட் நாலு எப்படி வந்துச்சு?"

"நீங்க மெதுவா ஓட்டினீங்க. அவ்வளவுதான். முறுக்காம, பறக்காம, பள்ளம் பார்த்து ஓட்டினீங்க. ரெண்டு வருஷமா வலியோட கெஞ்சினேன், ஒரு நாள் ஓட்டினீங்களா? அந்த பெட்ரோல் கேக்கவே இல்ல. அதுக்காக ஓட்டினீங்க." குரல் உடைந்தது. அதை மறைக்க அவள் முயலவும் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்து நெடுநேரம் யோசித்தான். வெட்கப்படுகிறான் என்று அண்ணன் நினைத்தார். பைத்தியக்காரி, அவளும் அப்படித்தான் நினைத்தாள். ரொம்ப வலிச்சுதா என்று இப்போதாவது கேட்டுவிட்டால் மன்னித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அவன் நிமிர்ந்தான். கண் பளபளத்தது.

"மச்சான், சாதாரணத்துக்கே மெதுவா ஓட்டினா அறுபத்திரண்டு வருதுன்னா, பிரீமியத்த ஊத்தி மெதுவா ஓட்டினா எவ்வளவு வரும்?"

சீ என்றாகிவிட்டது அவளுக்கு. கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஒரு மனுஷனாவது இருக்க வேண்டும்.

"அண்ணா, நான் இங்கயே இருந்துக்கறேன். காலையில என்னைப் பங்குல விட்டுடுவீங்களா?"

"இதைக் கேக்கணுமா? மேல போய்ப் படும்மா" என்றார் அண்ணன்.

அவள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். கீழே அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டில் புதுப் பக்கம் திருப்பினான்.

"நல்லதாப் போச்சு மச்சான்" என்றான். "ஒரு மாசம் இருக்கட்டும். தனி ஆள் ரீடிங் சுத்தமாக் கிடைக்கும்."