வேலை நாட்களில் நிற்காது

1

இந்தக் கதை ஒரு நட்சத்திரக் குறியிலிருந்து வந்தது. வானத்து நட்சத்திரம் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் எறும்புத் தலை அளவுக்கு அச்சடித்திருப்பார்களே, அது. ரயில் கால அட்டவணையில் காலை 6.10 என்ற எண்ணின் தோளில் அது உட்கார்ந்திருந்தது. முதலில் நான் அதைப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பம் எந்த ஊரில் வாழ்வது என்று முடிவு செய்துவிட்டது.

'நான்' என்று தொடங்கி மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

[நான் பொய் சொல்லவில்லை, ஆனால்]

[நான் வேண்டுமென்று செய்யவில்லை. முதலில்.]

[நான்]

மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது. அதனால் இனிமேல் 'அவள்'. பதினாறு வயது. என்னைப் போலவே நகம் கடிப்பாள். என்னைப் போலவே, வீடு முழுக்கத் தூங்கிய பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுவாள். அவளுக்கு நடந்ததாக எழுதினால் பேனா நிற்காமல் ஓடுகிறது. நடுவில் 'நான்' எட்டிப் பார்த்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

நாளை காலை பத்து மணிக்கு அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரு வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறார்கள். அந்த ஊரைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒன்று அவர்களுக்குத் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்பதுதான் கதை. வேறு ஒன்றும் பெரிதாக இல்லை.

2

தலைநகரத்தில், நாலாவது மாடி. இரண்டு அறை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். "ஒண்ணு அறை, இன்னொண்ணு அரை" என்பார் அப்பா. பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துபவர், வீட்டிலிருந்தே வேலை. அவர் நகைச்சுவையெல்லாம் இப்படித்தான் இருக்கும், எழுத்துக்கூட்டிப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். அந்த அரை அவளுடையது. எட்டு வயதுத் தங்கைக்கு, வீட்டில் 'சின்னது', கட்டில் கூடத்தில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில். "யாரு வந்தாலும் முதல்ல என் காலைத்தான் பாக்குறாங்க" என்பது சின்னதின் புகார்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஏழு மணிக்கு முதல் குழாய் கையில் இருக்க வேண்டும். (அம்மாவை 'அம்மா' என்றே எழுதப் போகிறேன். 'அவள்' இந்தக் கதையில் ஒருத்திக்குத்தான்.)

"ஊருன்னா கலகலன்னு இருக்கணும்," என்றாள் அம்மா. "பிள்ளைங்க பயமில்லாம தெருவுல இறங்கி நடக்கணும். நான் வேலைக்குப் போயிட்டு மனுஷியா திரும்பி வரணும்."

"மூணும் ஒரே ஊர்ல வேணும்னா நாமளே ஒண்ணு கட்டுனாத்தான் உண்டு," என்றார் அப்பா.

ஆனாலும் கோடு போட்டு அட்டவணை தயாரித்தவர் அவர்தான். குளிர்பதனப் பெட்டியின் கதவில், காந்தத்துக்கு அடியில் அது தொங்கியது. நான்கு கட்டங்கள், ஆளுக்கு ஒன்று. பள்ளிக்கூடம் அம்மாவுக்கு. வீடு அப்பாவுக்கு. கலகலப்பு சின்னதுக்கு. பயணம் அவளுக்கு, ஏனென்றால் ரயில் நேரங்களைப் பாட்டு மாதிரி மனப்பாடமாக வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். விதியும் ஒன்றே ஒன்று. அம்மா போட்டது.

"ஒரு மணி நேரத்துக்கு மேல போனா அந்த ஊரே வேணாம். அதுக்கு மேல உக்காந்தா நான் தூங்கிடுவேன். கண்ணைத் திறந்தா கடைசி நிலையத்துல பெட்டியைக் கூட்டிட்டு இருப்பாங்க."

3

ஐந்து ஊர்களைச் சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போய்ப் பார்த்தார்கள். இரண்டு மிஞ்சின.

முதலாவது பூனை ஊர். தலைநகரத்திலிருந்து முப்பத்தைந்து நிமிடம், எல்லா நாளும் கால்மணிக்கு ஒரு ரயில். அகலமான தெரு, மூன்று நல்ல அறைகள். மேல் வகுப்புகளுக்குப் பள்ளி இல்லை, அதனால் பெரியவள் அம்மாவோடு ரயிலேறி இப்போதுள்ள பள்ளிக்கே போக வேண்டியிருக்கும். சின்னது கலகலப்புக்கு இரண்டு மதிப்பெண் போட்டாள்.

"ஏண்டி ரெண்டு?"

"ரெண்டு பூனை பாத்தேன்."

"ஆளுங்க?"

"ஒருத்தர் இருந்தாரு. கார்ல தூங்கிட்டு இருந்தாரு."

இரண்டாவது சதுக்க ஊர். [நிலையத்தை விட்டு இறங்கியதும் மகிழ்ச்சி நம்மை] இல்லை. சரியாக எழுதுகிறேன். நிலையத்தை விட்டு இறங்கினால் நேரே சதுக்கம், அதன் மறுபக்கம் மேல் வகுப்புகள் வரைக்கும் பள்ளி. அன்று வண்டிகளுக்குத் தடை. தார்ச்சாலை முழுக்கச் சாக்பீஸ் கட்டங்கள். நூலகக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் குழந்தைகளுக்குக் கதை வாசித்தபடியே, நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். தீயணைப்பு நிலைய மாடியில் ஒரு இசைக்குழு ஒரே பாட்டை நான்கு தடவை தப்பாக வாசித்தது. ஐந்தாவது தடவை சரியாக வந்தபோது, கீழே காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள்.

அம்மா சதுக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். வீட்டுக்கு வெளியே அம்மா செருப்பைக் கழற்றி அவள் பார்த்ததே இல்லை.

"என்னை இங்கயே விட்டுட்டுப் போயிடுங்க," என்றாள் அம்மா.

"அப்பா, பத்துக்குப் பதினொண்ணு போடலாமா?" என்றது சின்னது.

(இது கதைக்குத் தேவையில்லாத ஒரு யோசனை, ஆனால் விட மனமில்லை. எல்லா ஊரையும் நாங்கள் சனிக்கிழமையில்தான் பார்த்தோம். வாழப்போவதோ செவ்வாய்க்கிழமைகளில். விருந்துக்கு உடுத்தி வந்தவரைப் பார்த்து, வீட்டிலும் இப்படித்தான் இருப்பார் என்று நினைப்பது போல. இது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.)

4

இங்கே அவளுடைய பள்ளியைப் பற்றி ஒரு பகுதி வர வேண்டும். இரண்டு தடவை தாண்டிப் போகப் பார்த்தேன். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் வேதியியல் ஆய்வகத்தில் ஒரு தராசு உடைந்தது. ஆசிரியை கேட்டபோது, உடைத்தவர்கள் பேசாமல் இருந்தார்கள். சம்பந்தமே இல்லாத ஒருத்தி மாட்டிக்கொள்ள இருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த நம் 'அவள்' எழுந்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அவள் பெயர் 'மைக்'. வகுப்புக்குள் அவள் நுழையும்போது யாராவது ஒருவர் மேசையை விரலால் தட்டுவார்கள். டொக், டொக். "மைக் டெஸ்டிங்." உடனே எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். அவள் காப்பாற்றிய அந்த ஒருத்தியும் நிறுத்துவாள். பெஞ்சில் காலியாக இருக்கும் இடங்களில் பைகள் உட்கார்ந்திருக்கும். யாரும் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. வீட்டில் போய் என்னவென்று சொல்வது? "அம்மா, எல்லாரும் அமைதியா இருக்காங்க" என்றா?

சதுக்க ஊரில், அதே படிக்கட்டில், அவள் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பை. அவள் தயங்கி நிற்பதைப் பார்த்து அந்தப் பெண் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காரு. என்ன நிக்கிற?"

அவ்வளவுதான் நடந்தது. ஒரு பை நகர்ந்தது. வீட்டுக்குப் போனதும் அவள் கால அட்டவணையைத் திறந்தாள். 6.10 விரைவு ரயில், நாற்பத்திரண்டு நிமிடம். அன்று போய் வந்ததும் அதே போன்ற விரைவு ரயிலில்தான். பயணக் கட்டத்தில் 42 என்று எழுதினாள், அழகான கையெழுத்தில். பத்து நாளைக்கு முன்னால் வரை அது பொய் இல்லை.

5

பத்து நாளைக்கு முன்னால், சதுக்க ஊர்தான் என்று முடிவான பிறகு, புது ஊரின் ரயில் நேரங்களை மனப்பாடம் செய்யலாம் என்று அட்டவணையை மறுபடி விரித்தாள். நட்சத்திரம் தெரிந்தது. பக்கத்தின் அடியில் விரலை ஓட்டினாள்.

* வேலை நாட்களில் இந்நிலையத்தில் நிற்காது.

சனி, ஞாயிறு கூட்டத்துக்காக மட்டும் விரைவு ரயில் அங்கே நிற்கிறது. மற்ற நாட்களில் 5.05 ரயில்தான், எல்லா நிலையத்திலும் நின்று போவது. ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். திரும்பி வரவும் அதே கதை.

அன்று மாலை அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"ரயில் விஷயம் நல்லா பாத்துட்டல்ல?"

"ம்."

"ம்முன்னா?"

"பாத்துட்டேம்மா."

"நீ பாத்துட்டா சரி. எனக்கு அந்தக் கட்டத்துல மட்டும் கவலையே இல்ல." ஈரக் கையோடு விரல் விட்டு எண்ணினாள். "நாப்பத்திரண்டு நிமிஷம். போறப்ப ஒரு தூக்கம். வர்றப்ப ஒரு புத்தகம். ஆறு மணிக்கு உங்களோட உக்காந்து சாப்பாடு. எத்தனை வருஷமாச்சு."

அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டு, குளிர்பதனப் பெட்டிக் கதவில் தொங்கிய தன் அட்டவணையைப் படித்தார். "ஒரு பிழை இல்ல."

"தப்பு எதுவும் இல்லையாப்பா?" அவள் குரல் அவளுக்கே விசித்திரமாகக் கேட்டது.

"எழுத்துப்பிழை இல்ல. தகவல் சரியா தப்பான்னு பாக்குறதுக்கு வேற ஆள் வெச்சிருப்பாங்க. நான் அந்த ஆள் இல்ல."

அந்த வேறு ஆள் அவள்தான்.

6

ஒரு கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம்: அம்மா.

கதையில் இது ஓட்டையாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு குழாயிலும் பெயர், வயது, எண் என்று இரண்டு தடவை சரிபார்ப்பவள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். அப்படிப்பட்டவள் தான் தினமும் போகப்போகும் ரயிலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

[அம்மாவுக்கு நேரம் இல்லை.] நேரம் இருந்தது.

[அம்மாவுக்கு அட்டவணை பார்க்கத் தெரியாது.] அநியாயம்.

பிறகு ஞாபகம் வந்தது. எப்போதோ அப்பா, பூட்டிய கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னபோது அம்மா சொன்னது: "நாள் பூரா ஊரான் ரத்தத்தை ரெண்டு ரெண்டு தடவை பாத்துட்டு வர்றேன். வீட்டுல எதையும் ரெண்டாவது தடவை பாக்க மாட்டேன். அதுக்குத்தானே வீடு?"

அது ஓட்டை இல்லை. கதையே அங்கேதான் இருக்கிறது.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு. அவள் சொல்லவில்லை. புது ஊரில் முதல் திங்கட்கிழமை, அம்மா நடைமேடையில் நிற்கிறாள். தோளில் புதுப் பை, அதில் ஒரு புத்தகம். 6.10 ரயில் வருகிறது. வேகம் குறையவில்லை. அம்மாவின் முடி மட்டும் ரயிலோடு கொஞ்ச தூரம் பறந்து திரும்புகிறது. அம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். வீட்டுக்கு வந்து திட்டவில்லை. "எனக்கும்தான் கண்ணு இருந்துச்சு, நான் பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு அலாரத்தை நான்கு மணிக்கு மாற்றிவைக்கிறாள். அன்று புதுப் பள்ளியில் ஒருத்தி பையை நகர்த்தி இடம் கொடுக்கிறாள். அவளால் உட்கார முடியவில்லை.

இரண்டாவது முடிவு. ஒரு மாயம் நடக்கிறது. ரயில்வே அதிகாரி ஒருவர் காலையில் எழுந்ததும், இனி எல்லா நாளும் நிற்கட்டும் என்று [போதும். எட்டு வயதுச் சின்னதுகூட நம்ப மாட்டாள்.]

மூன்றாவது முடிவு. அவள் ரயில் விஷயத்தைச் சொல்கிறாள். அப்பா சிவப்புப் பேனாவால் சதுக்க ஊரை ஒரே கோட்டில் அடிக்கிறார். பூனை ஊர். மூன்று அறை, இரண்டு பூனை. திங்கட்கிழமை அம்மாவோடு முப்பத்தைந்து நிமிட ரயிலில் பழைய பள்ளிக்கே போகிறாள். அம்மா ஜன்னலில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்குகிறாள். வகுப்பு வாசல். டொக், டொக்.

இதை எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. முதல் முடிவில் அவள் எதையுமே சொல்லவில்லை. மூன்றாவதில் ரயிலை மட்டும் சொல்கிறாள். மைக் பற்றித் தெரிந்த அம்மா ஒரு முடிவில்கூட வரவில்லை. அந்த அம்மா என்ன செய்வாள், என்ன சொல்வாள், எந்த ஊரைக் கேட்பாள்? எனக்கு எழுத வரவில்லை. பார்க்காத ஒருத்தியை எப்படி எழுதுவது?

உண்மை சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு ஒரு தடவை தெரிந்துவிட்டது. அதுதான் பயம். மேசைகளைப் பார்த்தாலே இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. ஆனால் அங்கே கேட்டவர்கள் வேறு. இங்கே கேட்கப்போவது

[ ]

8

இப்போதுதான் எழுந்து போய்விட்டு வந்தேன். அப்பாவின் சிவப்புப் பேனாவை எடுத்து, அட்டவணையில் 42 என்ற எண்ணின் தோளில் ஒரு நட்சத்திரம் போட்டேன். எறும்புத் தலை அளவுக்கு இல்லை, புளியங்கொட்டை அளவுக்கு. நட்சத்திரம் போட்டால் கீழே அடிக்குறிப்பு இருக்க வேண்டும், அது அப்பா சொல்லிக் கொடுத்தது. கட்டத்துக்கு அடியில் இடம் போதவில்லை. அதனால் தனித் தாள்களில் எழுதினேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்த அடிக்குறிப்பைத்தான்.

இவ்வளவு நேரம் 'நீங்கள்' என்று எழுதியதற்கு மன்னித்துவிடு, அம்மா. 'நீ' என்று தொடங்கியிருந்தால் முதல் வரியையே தாண்டியிருக்க மாட்டேன்.

நீ ஐந்து மணிக்குப் பால் எடுக்கக் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறப்பாய். நட்சத்திரம் கண்ணில் படும். தாள்கள் அதே காந்தத்துக்கு அடியில் இருக்கும். வீட்டில் எதையும் இரண்டாவது தடவை பார்க்க மாட்டாய் என்று தெரியும். இதை மட்டும் இரண்டு தடவை படி. ஒரு தடவை ரயிலுக்காக, ஒரு தடவை நாலாவது பகுதிக்காக. அப்பாவை அதற்கப்புறம் எழுப்பு. அவர் முதலில் எழுத்துப்பிழை பார்ப்பார், பார்க்கட்டும்.

பத்து மணிக்கு அப்போது இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கும். எந்த ஊர், யாருடைய கையெழுத்து, என்ன முடிவு, எதையும் நான் எழுதப் போவதில்லை. என் கட்டம் பயணம் மட்டும்தான். அதை இப்போது சரியாக எழுதிவிட்டேன்.

நான் அரையில்தான் இருப்பேன். தூங்கியிருக்க மாட்டேன். வரும்போது கதவைத் தட்டாதே. பேர் சொல்லிக் கூப்பிடு.